கலங்கல் நீரில் ஒரு சுறா

மகன் இறந்த நாளிலிருந்து காளியண்ணன் உட்காரவில்லை. வீடே அழுதுகொண்டிருந்தபோது அவர் வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். காரியம் முடிந்ததும் நாமக்கல்லை விட்டுக் கிளம்பினார். மண்டபம் கடற்கரையில் குடில் போட்டிருந்த தவமணித் தாயிடம் சீடராக வந்து சேர்ந்தார். தாய் அவரைவிட வயதில் இளையவர்.

குடிலிலும் அவர் ஓயவில்லை. தண்ணீர் சுமந்தார். விறகு பிளந்தார். கூட்டிய இடத்தையே மறுபடி கூட்டினார். தியான வேளையில் மட்டும் அவர் இடம் காலியாக இருக்கும்.

ஒருநாள் காலை அவரே கேட்டார்.

“நிக்காம வேலை செய்யறதும் தவந்தானுங்களே தாயே?”

“உட்கார்ந்தா என்ன ஆகும்?”

“செத்துப் போயிருவனுங்க.”

தவமணி எழுந்து கடலை நோக்கி நடந்தார். காளியண்ணன் பின்னால் போனார்.

கடல் உள்வாங்கியிருந்தது. பாறைகளுக்கு நடுவே முழங்கால் அளவுதான் தண்ணீர். அதில் ஒரு பாறையின் அடியில், மணல்மேல், பழுப்பாக ஒரு மீன் அசையாமல் கிடந்தது. முழங்கை நீளம் இருக்கும். வாயோரம் சிறிய மீசை.

“சுறா” என்றார் தவமணி.

“செத்துப் போச்சுங்களா? நீந்தறத நிறுத்தினா சுறா செத்துரும்னு சொல்வாங்க.”

“அப்படியும் சில சாதி உண்டு. இது தரையில கிடக்கிற சாதி. இருட்டினா நண்டு தேடி ஊர்ந்து போகும். பகல்ல இப்படித்தான்.”

“அப்ப மூச்சு?”

தவமணி குனிந்து, அடியிலிருந்த சேற்றைக் கிள்ளி அதன் வாயருகே கரைத்தார். நீர் கலங்கியது. அந்தக் கலங்கல் மெல்ல மெல்லச் சுறாவின் வாய்க்குள் போயிற்று. கழுத்தோரத்துச் செவுள் பிளவுகள் வழியே வெளியே வந்தது. மறுபடி உள்ளே போயிற்று. சுறா அசையவில்லை.

காளியண்ணன் வெகுநேரம் பார்த்தார்.

“சேத்துத் தண்ணியவா இழுக்குது?”

“கிடக்கிற இடத்துல வேற தண்ணி ஏது?”

காளியண்ணன் அப்படியே தண்ணீரில் உட்கார்ந்துவிட்டார். வேட்டி நனைந்து மேலே மிதந்தது.

“பக்கத்துல உட்காருங்கப்பான்னு எம் பையன் கேட்டானுங்க தாயே. ஆஸ்பத்திரியில. நான் மருந்து வாங்கிட்டு வந்தர்றேன்னு ஓடினேன். இல்லாத மருந்துக்குக் கடை கடையா அலைஞ்சேன். வந்து பார்த்தா, துணி போத்தியிருந்தாங்க.”

தவமணியும் அவர் பக்கத்தில் நீரில் அமர்ந்தார்.

“பேரு என்ன?”

காளியண்ணன் வாயைத் திறந்தார்.

“செங்கோடன்.”

சொல்லிவிட்டு அழுதார். மகன் இறந்த பிறகு அதுவே முதல் அழுகை. அழுகை அடங்கியதும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பழக்கம் மாறாமல் கையூன்றி எழப் போனார்.

“இனி நான் என்னங்க செய்யட்டும்?”

“இன்னும் கொஞ்ச நேரம் அவன் பக்கத்துல உட்காருங்க.”