தம்பியின் ஓடு

பாறைக் கரையோரத்தில் ஒரு சிறு குளம். கடல் வற்றும்போதும் அதில் நீர் தேங்கி நிற்கும். அங்கே செம்பி, வரியன் என்று இரண்டு கடல் நத்தைகள் வாழ்ந்தன. செம்பி அக்கா, வரியன் தம்பி.

ஒரு நாள் பேரலை ஒன்று வந்து தம்பியை அடித்துக்கொண்டு போய்விட்டது.

அன்றிலிருந்து கடல் வற்றும்போதெல்லாம் செம்பி குளம் குளமாக ஊர்ந்து போகும். கல்லிடுக்கில் ஒளிந்திருந்த சோழியைக் கண்டுபிடித்துக் கேட்டது. மணலில் புதைந்திருந்த மட்டியைத் தட்டிக் கேட்டது.

“முதுகில் மூன்று கறுப்பு வரி. ஓட்டின் விளிம்பில் சின்ன உடைசல். என் தம்பியைப் பார்த்தீர்களா?”

“பார்க்கவில்லையே, அம்மா!”

ஒரு நாள் தொலைவிலிருந்த குளத்தில் அந்த ஓடு அசைந்தது. மூன்று வரி! அதே உடைசல்!

“தம்பி! நீயா?”

உள்ளே இருந்தது தம்பி இல்லை. காலி ஓடுகளில் குடியேறும் துறவி நண்டு. பெயர்தான் துறவி, ஆசைக்குக் குறைவில்லை. இரண்டு நாளாக அதற்கு இரை கிடைக்கவில்லை. ‘தம்பியாக இருந்துவிட்டால் என்ன?’ என்று எண்ணியது.

“ஆமாம், அக்கா!”

“முகத்தைக் காட்டு, தம்பி!”

“வெயிலில் வெந்து புண்ணாகிக் கிடக்கிறேன், அக்கா. பசி வேறு!”

செம்பி உருகிப் போனது. அதைத் தன் குளத்துக்கு அழைத்து வந்தது. தம்பி வருவான் என்று தொடாமல் வைத்திருந்த இளம்பாசியை எல்லாம் கொடுத்தது.

பக்கத்துப் பாறையில் ஒட்டியிருந்த சிப்பி, செம்பியின் பழைய தோழி. அது மெல்லச் சொன்னது: “செம்பி, நத்தை ஊர்ந்தால் ஒரே கோடுதானே விழும்? இதன் பின்னால் பார், கால் தடம்!”

“அடிபட்டவன். நடை மாறாதா?”

“கொடுக்கு போல ஏதோ தெரிந்ததே!”

“உனக்குப் பொறாமை!” என்றது செம்பி. அதற்குப் பிறகு சிப்பியோடு பேசவே இல்லை.

நண்டு கொழுத்தது. தம்பியின் ஓடு அதற்குப் போதவில்லை. செம்பியின் ஓடோ பெரியது, வழவழப்பானது.

“அக்கா, இன்று முகம் காட்டுகிறேன். நீயும் முழுசாக வெளியே வா!”

எத்தனை நாள் காத்திருந்த சொல்! செம்பி ஆசையோடு கழுத்தை நீட்டியது. கொடுக்கு பாய்ந்தது!

“உள்ளே போ, செம்பி! மூடிக்கொள்!” என்று சிப்பி அலறியது.

செம்பி சட்டென்று உடலை உள்ளே இழுத்து ஓட்டின் வாசலை மூடிக்கொண்டது. அதன் உணர்கொம்பு ஒன்றின் நுனி மட்டும் அறுந்து போயிற்று. நண்டு சுரண்டியது, உருட்டியது. ஒன்றும் நடக்கவில்லை.

உள்ளிருந்தபடியே செம்பி கேட்டது: “என் தம்பி எங்கே?”

“யாருக்குத் தெரியும்? தெற்குப் பாறையடியில் ஓடு காலியாகக் கிடந்தது. எடுத்துக்கொண்டேன்!”

நண்டு வேறு ஓடு தேடிப் புறப்பட்டது. தம்பியின் ஓடு பாறையில் உரசிக்கொண்டே போகும் சத்தத்தை, அது ஓயும்வரை செம்பி கேட்டுக்கொண்டிருந்தது.

பிறகு மெல்ல ஊர்ந்து சிப்பியின் அருகே போய் ஒட்டிக்கொண்டது. கடல் ஏறி வந்து இரண்டையும் மூடியது.

ஏக்கம் நம் கண்ணை மறைக்கும்போது, நமக்காகப் பார்க்கும் நட்பின் கண்ணை நம்ப வேண்டும்.