வேலியப்பனின் கொசுவம்

அந்தக் காலத்தில் பிராணிகள் பேசவும் செய்தன, துணி உடுத்தவும் செய்தன. ஆண்பிள்ளை என்றால் கணுக்கால் வரை வேட்டி கட்ட வேண்டும் என்பது ஊர் வழக்கம். மரம் ஏறிப் பிழைக்காத எவனோ போட்ட வழக்கமாக இருக்கும்.

வேலியப்பன் என்ற ஓணானுக்கு அந்த வேட்டி பெரிய இம்சை. முள்வேலியில் ஏறினால் மாட்டியது, இறங்கினால் தடுக்கியது. வேலியில் போகிற ஓணானை வேட்டிக்குள் விட்ட கதை என்பார்கள். வேட்டிக்குள் ஓணான் பட்ட பாட்டை யாரும் கேட்டதில்லை. ஒருநாள் பருந்து துரத்தும்போது வேட்டி முள்ளில் சிக்கி, அவனுக்கு உயிர் போய் உயிர் வந்தது. மறுநாளே தூக்கணாங்குருவியிடம் சொல்லி, முழங்காலோடு நிற்கிற, கட்டம் போட்ட, மடிப்பு மடிப்பான துணி ஒன்று தைத்துக்கொண்டான். கொசுவம் என்று அதற்குப் பெயரும் வைத்தான். ஓட வாகாக இருந்தது. அழகாகவும் இருந்தது என்றுதான் நான் சொல்வேன்.

ஊர் சும்மா இருக்குமா? பெண்டாட்டி பாவாடையா என்றது காக்கை. தனக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை என்று பொறுமையாகச் சொன்னான். முழு வேட்டிக்கு வக்கில்லையா என்றது வெள்ளாடு. அதற்கும் விளக்கம் சொன்னான். குளத்தைச் சாக்குச் சொல்லி இடுப்பில் ஒரு நூல்கூட இல்லாமல் திரிகிற தவளை, கிட்டே வந்து குரலைத் தாழ்த்தி, உள்ளே ஏதாவது உடுத்தியிருக்கிறாயா என்று கேட்டது.

பதில் சொல்லிச் சொல்லி வாய் நொந்துபோனது. எரிச்சல் ஏறிக் கழுத்து சிவந்தது. கடைசியில், யார் என்ன கேட்டாலும் காதில் வாங்காமல் 'ஆமாம்' என்று தலையை ஆட்டிவிட்டு நடந்தான். பாவாடையா என்றார்கள், ஆட்டினான். பைத்தியமா என்றார்கள், அதற்கும் ஆட்டினான்.

அப்படி ஆட்டிக்கொண்டேதான் பெண் பார்க்கவும் போனான். கிளுவை வேலியில் இருந்த செவந்தியைப் போன கோடையில் பார்த்ததிலிருந்து அவனுக்கு அவள் நினைப்புத்தான். அவளுடைய அப்பா வீரணன் பழைய காலத்து ஆள். முழங்காலைக் கண்டதும், பையன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்கிறான் என்று நினைத்துவிட்டார்.

"மடிச்சுக் கட்டினத இறக்கி விடுங்க தம்பி. பெரியவங்க முன்னால நிக்கிறீங்க."

இதுவும் அதே பேச்சுத்தான் என்ற அலுப்பில் வேலியப்பன் தலையை ஆட்டினான். துணி மட்டும் இறங்கவில்லை. இறக்க அதில் என்ன இருக்கிறது?

"அப்ப என்னை மதிக்கலைங்கிறீங்க."

ஆட்டினான்.

"எம் பொண்ணும் வேண்டாம். அப்படித்தானே?"

அதற்கும் ஆட்டினான்.

வாசலுக்கு வந்த செவந்தி அதைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். அப்போதுதான் கேட்ட கேள்வி அவனுக்கு உறைத்தது. இல்லை, இல்லை என்று கத்தினான். ஆனால் ஆட்டிப் பழகிய தலை நிற்கவில்லை. தலை ஆமாம் என்னும்போது வாய் இல்லை என்றால் யார் நம்புவார்கள்? வீரணன் படலைச் சாத்திவிட்டார்.

உள்ளே செவந்தி தன் சித்தியிடம், "அந்தக் கொசுவம் அவருக்கு நல்லாத்தான் இருந்துச்சு" என்றாளாம்.

அன்று முதல்தான் ஆண் ஓணான், பெண்ணைக் கண்டால் வேலிமேல் ஏறி, கழுத்து சிவக்க, 'சம்மதம், சம்மதம்' என்று தலையை ஆட்டுகிறது. வழியில் போகிறவர்களும் நின்று, இது ஏன் இப்படி ஆட்டுகிறது என்று இன்னமும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.