சுண்ணாம்புச் சாலை

முப்பது வருஷம் ஜெயிலராக இருந்து ஆட்களைப் பூட்டிய கோதண்டம், ஓய்வு பெற்றதும் கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு வக்கீல் மங்கையர்க்கரசியிடம் ஜூனியராகச் சேர்ந்தார். சீனியருக்கு வயது முப்பத்தொன்பது. கோர்ட்டு வராந்தாவில் சிரிக்காத ஆளில்லை. சிரித்தால் சிரிக்கட்டும், கோதண்டத்துக்கு அந்த அம்மாதான் குரு.

அவர்கள் நடத்திய வழக்கு குணாளனுடையது. ஒன்பது பேரைக் கொன்ற ரயில் குண்டுவெடிப்பில் ஆயுள் தண்டனை பெற்று, உள்ளே போய் இருபத்தாறு வருஷம். 'வெளியுலகத்துக்குப் பழகாதவன், விட முடியாது' என்று பரோல் குழு கோப்பைத் திருப்பியது. சரி, பழகட்டும், வழிக்காவலோடு ஒருநாள் வெளியே அனுப்புங்கள் என்று கேட்டால், 'பயங்கரவாதக் கைதிக்கு அது கிடையாது' என்றது சிறைத்துறை. மூன்று முறை வழக்குப் போட்டார்கள். மூன்று முறையும் ஜெயித்தார்கள். குணாளன் உள்ளேயேதான் இருந்தான்.

"ஏம்மா, ஜெயிச்சு ஜெயிச்சு இப்படி நாசமாப் போறோமே, எதனால?" என்று கேட்டார் கோதண்டம்.

சீனியர் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "வாங்க, கடைசித் தீர்ப்பை எப்படி நிறைவேத்தியிருக்காங்கன்னு பார்த்துட்டு வரலாம்" என்றார்.

சிறைக் கண்காணிப்பாளர் பெருமையாகவே அழைத்துப் போனார். உள்மைதானத்தில் சுண்ணாம்புப் பொடியால் சாலை ஒன்று வரைந்திருந்தது. ஓரத்தில் 'பேருந்து நிறுத்தம்' என்று ஓர் அட்டை. சாப்பாட்டுத் தட்டை ஸ்டியரிங்காகப் பிடித்துக்கொண்டு ஒரு வார்டர் வந்தார்.

"வெளியுலகப் பயிற்சி கொடுக்கணும்னு ஆர்டர். கொடுக்கறோம். வெளியே கூட்டிட்டுப் போகணும்னு அதுல எங்கங்க இருக்கு?" என்றார் கண்காணிப்பாளர்.

குணாளன் இரண்டு பக்கமும் பார்த்துச் சாலையைக் கடந்தான். கை நீட்டி பஸ்ஸை நிறுத்தினான்.

"ஏறுங்க, ஏறுங்க, படியில நிக்காதீங்க" என்றார் வார்டர்.

அவன் தலை இடிக்காமல் குனிந்து ஏறினான். அடப்பாவிகளா! கோதண்டத்தின் காலத்தில் அடித்திருக்கிறார்கள், தனி அறையில் போட்டுப் பூட்டியிருக்கிறார்கள். இப்படியொரு கூத்தை அவர் பார்த்ததில்லை.

பயிற்சி முடிந்து குணாளன் பக்கத்தில் வந்ததும் கோதண்டம் கொதித்தார். "நாளைக்கே கோர்ட் அவமதிப்பு வழக்குப் போடறோம். இவங்களை விடறதா இல்லை."

குணாளன் பதறிப்போய்க் கையெடுத்துக் கும்பிட்டான்.

"ஐயா, சாமி, போட்டுடாதீங்க! போட்டா இதையும் அழிச்சிடுவாங்க. வாரத்துக்கு ஒரு நாள் பஸ்ல போறேன். வாங்க போங்கன்னு ஒருத்தர் கூப்பிடறாரு. எனக்கு இது போதுங்க."

"அப்போ விடுதலை?"

"அதெல்லாம் எதுக்குங்க இனிமே?"

சீனியர் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சிறை வாசலைத் தாண்டியதும் கோதண்டம் அடக்க முடியாமல் அழுதுவிட்டார். கர்ச்சீப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"என்னம்மா செய்யப் போறோம்?"

"வழக்குப் போடப் போறோம்."

"ஜெயிப்போமா?"

"ஜெயிக்கறதுல நமக்கு என்ன குறைச்சல்?"

"வேண்டாம்னு அவனே கால்ல விழாத குறையாக் கும்பிடறானே. அப்புறம் மனுவுல என்னத்தைம்மா எழுதறது?"

சீனியர் நின்றார்.

"அதைத்தான் ஐயா முதல் வரியா எழுதணும்."