முப்பத்தாறு வருஷம் முன்னாடியே ஓய்வு

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் தமயந்தி, ஜெசிந்தா, பூங்கோதை என்று மூன்று பேர் இருந்தார்கள். மூவருக்கும் இருபத்துநாலு வயசு, மூவருக்கும் ஒரே அறை. தமயந்தி காலர் தைப்பாள், ஜெசிந்தா பிசிறு வெட்டுவாள், பூங்கோதை செக்கிங். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. நான் சொல்லப்போவது மற்ற விஷயங்களைப் பற்றி.

ஒரு திங்கட்கிழமை மதியம், வேலை பார்க்கும் பெண்கள் ஓய்வுக்காலத்தைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று கேட்க ஒரு மேடம் வந்தார்.

"கல்யாணம் முடியட்டும் மேடம், அப்புறம் நினைச்சுக்கலாம்" என்றாள் ஜெசிந்தா.

"எங்க வீட்ல யாரும் அறுபது வரைக்கும் போனதே இல்லைங்க மேடம்" என்றாள் பூங்கோதை, வெட்கத்தோடு.

தமயந்தி மட்டும் அழுதுவிட்டாள். அவளுடைய பெரியம்மா முப்பது வருஷம் மில்லில் உழைத்தவர். இப்போது காதுவலிக்குச் சொட்டு மருந்து வேண்டுமென்றாலும் மகன் கையைத்தான் பார்க்க வேண்டும். அவன் நாளைக்குப் பார்க்கலாம் என்பான். "நான் யார்கிட்டயும் கை நீட்டக் கூடாது மேடம். அது ஒண்ணுதான் எனக்கு வேணும்" என்றாள்.

மேடத்துக்கு மனசு இளகிவிட்டது. "அழாதம்மா. அறுபது வயசுல நீ எப்படி இருப்பியோ, அந்த அம்மா இப்பவே உன்கூட இருக்காங்கன்னு நினைச்சுக்கோ. எது வந்தாலும் முதல்ல அவங்க பங்கை எடுத்து வை. எடுத்து வச்சதை எந்தக் காரணத்துக்கும் தொடாதே. வெள்ளிக்கிழமைக்குள்ள மூணு பேரும் இந்தப் பென்ஷன் ஃபாரத்தை நிரப்பி ஆபீஸ்ல கொடுத்துடுங்க" என்றார்.

நல்ல புத்திமதிதான். சொன்ன இடம்தான் சரியில்லை.

அன்று ராத்திரி சோறு வெந்ததும் மூன்று தட்டில் முதலில் அந்த அறுபது வயசு அம்மாக்களுக்குப் பங்கு வைத்தார்கள். மிச்சத்தை இவர்கள் சாப்பிட்டார்கள். காலையில் தட்டுகள் அப்படியே இருந்தன.

"சாப்பிடலையேடி?" என்றாள் பூங்கோதை.

"அறுபது வயசுல பல் ஏது? நாளைக்கு இட்லி வைப்போம்" என்றாள் ஜெசிந்தா.

தொடக் கூடாது என்பதால் சோற்றை யாரும் எடுக்கவில்லை. புதன்கிழமை ஆறு இட்லியும், மூன்று தட்டுப் புளித்த சோறும், ஊர்ப்பட்ட எறும்பும் சேர்ந்திருந்தன. வீட்டுக்கார அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தார். "ஏனம்மிணிகளா, என்ன கருமம் இது?"

"ஓய்வுக்காலத்துக்குச் சேர்த்து வச்சிருக்கோம்ங்க" என்றாள் தமயந்தி.

வீட்டுக்கார அம்மா இறங்கிப் போய், தன் வீட்டுக் கதவுக்குப் பெரிய பூட்டாக வாங்கி வரும்படி வீட்டுக்காரரிடம் சொன்னார்.

கம்பெனி வேனில் நிலைமை இன்னும் மோசம். மூன்று பேரும் ஆளுக்கொரு சீட்டில் உட்கார்ந்துகொண்டு, பக்கத்து சீட்டில் சாப்பாட்டுப் பையை வைத்துவிட்டார்கள். நின்றுகொண்டிருந்த கட்டிங் மாஸ்டருக்குக் கால் கடுத்தது.

"பையை எடும்மா."

"ஆள் வர்றாங்க மாஸ்டர்."

"எப்ப வர்றாங்க?"

தமயந்தி விரல் விட்டு எண்ணினாள். "இன்னும் முப்பத்தாறு வருஷத்துல."

பாவம், மாஸ்டர் சிட்கோ தொழிற்பேட்டை வரைக்கும் நின்றுகொண்டே வந்தார்.

வியாழக்கிழமை சாயங்காலம் ஃபாரத்தை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். வயசு என்று கேட்டிருந்த கட்டத்தில் பேனா நின்றுவிட்டது.

"இருபத்துநாலுன்னு போடு" என்றாள் பூங்கோதை.

"அறிவிருக்கா உனக்கு? பென்ஷன் வாங்கப் போறது யாரு? நீயா?" என்றாள் ஜெசிந்தா.

"அந்த அம்மாதான்."

"அப்ப அவங்க வயசைத்தானே போடணும்? உன் வயசைப் போட்டு நீயே வாங்கிட்டுப் போயிட்டா, அவங்க நடுத்தெருவுல நிக்கவா?"

தமயந்திக்குப் பெரியம்மாவின் காது ஞாபகம் வந்தது. உடனே மூன்று ஃபாரத்திலும் அவளே அறுபது என்று எழுதினாள். கையெழுத்துப் போடத்தான் நேரம் பிடித்தது. அறுபது வயசுக் கை கொஞ்சம் ஆட வேண்டுமே! ஒரு நோட்டு முழுக்கப் பழகிப் பார்த்துவிட்டுத்தான் போட்டார்கள்.

ஆபீஸில் பரமசிவம் சார் கம்ப்யூட்டரிலிருந்து தலையை நிமிர்த்தவே மாட்டார். வெள்ளிக்கிழமை மூன்று ஃபாரத்தையும் வாங்கி அப்படியே ஏற்றினார். அந்தக் கம்பெனியில் ஐம்பத்தெட்டுக்கு மேல் யாரையும் வைத்துக்கொள்வதில்லை. கம்ப்யூட்டர் மூன்று பேரையும் சிவப்பாகக் காட்டியது. "அடடா, ரெண்டு வருஷம் தாண்டிப் போச்சே!" என்று பதறிப்போய், மறுநாளே பிரிவு உபசார விழாவுக்கு ஏற்பாடு செய்துவிட்டார்.

விழாவில் மேனேஜர் தாளைப் பார்த்துப் படித்தார். "இந்த மூன்று தாய்மார்களும் தங்கள் இளமை முழுவதையும் இந்தக் கம்பெனிக்கே கொடுத்தவர்கள்." அவர்கள் சேர்ந்து பதினாலு மாசம்தான் ஆகியிருந்தது. ஆனாலும் கேட்கக் கேட்க மூவருக்கும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. ஆளுக்கொரு சால்வை, ஆளுக்கொரு சுவர்க் கடிகாரம். மாஸ்டர்தான் எல்லாரையும்விடப் பலமாகக் கை தட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை நிம்மதியாக ஓய்வு எடுத்தார்கள். திங்கட்கிழமை காலையில் பென்ஷன் எப்போது வரும் என்று கேட்கப் போனார்கள்.

"பத்து வருஷம் வேலை பார்த்திருந்தாத்தான்மா பென்ஷன். இவங்க மூணு பேருக்கும் பதினாலு மாசம்தான் காட்டுது" என்றார் பரமசிவம் சார், திரையைப் பார்த்தபடி.

தமயந்திக்கு உலகமே இருண்டுவிட்டது. கேட்டுக்கு வெளியே வந்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "எது நடக்கக் கூடாதுன்னு நினைச்சேனோ அதுவே நடந்துருச்சுடி. வயசான காலத்துல அவங்க யார்கிட்ட போய்க் கை நீட்டுவாங்க?"

"அவங்கதானே ரிட்டயர் ஆனாங்க? நாம ஆகலையே!" என்றாள் பூங்கோதை.

மூன்று பேரும் யோசித்தார்கள். வாஸ்தவம்தான். கேட்டில் அன்று காலைதான் ஒரு அட்டை தொங்கவிட்டிருந்தார்கள்: காலர் தைக்க, பிசிறு வெட்ட, செக்கிங் செய்ய உடனடியாக ஆட்கள் தேவை. திரும்ப உள்ளே போனார்கள்.

"வயசு?"

"இருபத்துநாலு சார்."

"பேரு?" சொன்னார்கள். பரமசிவம் சாரின் விரல் நின்றது. "இதே பேர்ல சனிக்கிழமை மூணு பேர் ரிட்டயர் ஆனாங்களே, தெரியுமா?"

"ஒரே ரூம்லதான் இருக்கோம். அவங்களைக் காப்பாத்தத்தான் வேலைக்கு வந்திருக்கோம் சார்" என்றாள் தமயந்தி.

சாருக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. புது ஆள் சம்பளத்தில் மூவரையும் எடுத்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒரு உதவி பண்ணும்மா. அவங்க மூணு பேரும் கைவேகக்காரங்க. ஒரு வாரம் வந்து உங்களுக்கு வேலை சொல்லிக் கொடுக்க முடியுமான்னு கேட்டுப் பாரேன்" என்றார்.

தமயந்திக்கு வந்ததே கோபம். "மனசாட்சி இருக்கா சார் உங்களுக்கு? அறுபது வயசுக்காரங்க. முந்தாநாள்தான் சால்வை போர்த்தி அனுப்பினீங்க. நேத்து ஒரு நாள்தான் காலை நீட்டிப் படுத்தாங்க. அதுக்குள்ள மறுபடியும் வேலைக்குக் கூப்பிடுறீங்களே!"

பரமசிவம் சார் முதல் தடவையாகத் தலையை நிமிர்த்தினார். கண் கலங்கியிருந்தது. மூவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "தப்புத்தான்மா. நான் மன்னிப்புக் கேட்டேன்னு அவங்ககிட்ட சொல்லிடுங்க" என்றார்.

சாயங்காலம் அறைக்குப் போனதும் முதல் வேலையாக அந்த அம்மாக்களிடம் அதைச் சொன்னார்கள்.