கோணத் தெரு வளைவில் குரல் கொடுப்பது ஏன்

பறவை பேசினால் மனிதனுக்குப் புரிந்த அந்தக் காலத்தில், ஆள்காட்டிக் குருவி வாய் திறக்காத பறவையாக இருந்தது. அது வெட்டவெளித் தரையில் முட்டையிடும். சத்தம் போட்டால் காக்கைக்கு இடம் தெரிந்துவிடும்.

அப்போது ஏரிக்கரையிலிருந்து சந்தை வரை புதிதாக ஒரு தெரு போட்டார்கள். முளையடித்துக் கயிறு கட்டுகிற வேலை பொன்னுரங்கத்துடையது. பாதி வழியில், கயிறு போக வேண்டிய இடத்தில் ஒரு ஆள்காட்டி உட்கார்ந்திருந்தது.

"கொஞ்சம் தள்ளிக்க தாயி. முளை அடிக்கணும்."

"நாலு முட்டை இருக்கு" என்றது அது, மெதுவாக. "இன்னும் பன்னிரண்டு நாள் ஆகும்."

பொன்னுரங்கம் சற்று யோசித்து, முளையைப் பத்தடி தள்ளி அடித்தான்.

கூட வேலை செய்த சடையன் சிரித்தான். "மணியக்காரர் பார்த்தா உனக்குக் கூலி கிடையாது. அந்த முட்டையில ஒண்ணைக் கொடுத்து அனுப்புவார்."

"குஞ்சு போனதும் நேராக்கிடலாம்டா."

பின்னால் மண் கொட்டியவர்கள் முளையைப் பார்த்தே கொட்டினார்கள். வளைவின் மூலையில் சுண்ணாம்பு வைக்க ஒரு கொட்டகையும் போட்டார்கள். அதனால் ஒரு பக்கம் வருவது மறுபக்கம் தெரியாமல் போயிற்று.

நான்காம் நாள் ஏரிப் பக்கமிருந்து மணியக்காரர் வண்டியில் வந்தார். தெரு கோணலாகப் போவதை அவரிடம் யாரோ சொல்லியிருந்தார்கள். "எவன் கட்டின கயிறு இது? அவனுக்கு இன்றோடு வேலை இல்லை" என்று சொல்லிக்கொண்டே வந்தார். அதே நேரம் சந்தைப் பக்கமிருந்து கல் ஏற்றிய வண்டி ஒன்று சரிவில் வேகமாக இறங்கியது.

இரண்டு வண்டிகளையும் பார்க்க முடிந்தது ஆள்காட்டிக்கு மட்டும்தான். கொட்டகைக் கூரையில் ஒரு காக்கை உட்கார்ந்திருந்தது. ஆள்காட்டி அதைப் பார்த்தது. தெருவோரம் கயிற்றோடு நின்ற பொன்னுரங்கத்தையும் பார்த்தது. பிறகு எழுந்து பறந்து, தொண்டை கிழியக் கத்தியது.

இரண்டு வண்டிக்காரர்களும் மாட்டின் மூக்கணாங்கயிற்றை இழுத்துப் பிடித்தார்கள். மாடுகள் மூக்கோடு மூக்கு உரச நின்றன. காக்கை இறங்கிவிட்டது. பொன்னுரங்கம் தலைத்துண்டை வீசிக்கொண்டு ஓடுவதற்குள் ஒரு முட்டை போயிற்று.

மணியக்காரர் இறங்கி வந்து மீதி மூன்றையும் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இதற்காகவா கயிற்றை வளைத்தாய்?"

"ஆமாங்க."

"எத்தனை நாள் பாக்கி?"

"எட்டுங்க."

"பொரித்துப் போகட்டும். பிறகு நேராக்கு."

எட்டு நாளில் மூன்று குஞ்சுகளும் தாயின் பின்னால் ஏரிக்கு நடந்து போயின. அதற்குள் வளைவை ஒட்டி ஐந்து வீடுகளுக்கு அடித்தளம் போட்டுவிட்டார்கள். தெருவை நேராக்கப் பிறகு யாரும் வரவில்லை. பொன்னுரங்கம் அடுத்த தெருவுக்குக் கயிறு கட்டப் போய்விட்டான்.

அன்று முதல்தான் ஆள் அரவம் கேட்டாலே ஆள்காட்டி கத்துகிறது. கோணத் தெருப் பக்கம் இப்போது அந்தப் பறவை வருவதில்லை. கொட்டகை இருந்த மூலையில் செல்போன் கடை இருக்கிறது. ஆனாலும் தண்ணீர் கேன் போடுகிறவர், பால்காரர், ஆட்டோக்காரர் எல்லோரும், எதிரே யாரும் வராவிட்டாலும், அங்கே ஒரு குரல் கொடுத்துவிட்டுத்தான் திரும்புகிறார்கள்.