ராயப்பனுக்காக ஒரு ஜெபம்

“எதிரிக்காக ஜெபிக்கச் சொன்னீங்க சிஸ்டர். ஜெபிச்சுப் பாத்துட்டேன். ஒண்ணும் நடக்கல.”

அடைக்கலமேரி வந்த வேகத்தில் சொல்லிவிட்டு மூச்சு வாங்கினாள்.

சிஸ்டர் பிலோமி கிணற்றடியில் துணி பிழிந்துகொண்டிருந்தார். அடைக்கலமேரியைவிட வயதில் நன்றாக இளையவர். குன்றின் அடியில் ஓட்டு வீடு ஒன்றில் தனியாக, ஜெபமும் மருந்துப் பெட்டியுமாக இருந்தார். மனசு கனத்தவர்கள் அவரைத் தேடி வருவார்கள்.

“என்னன்னு ஜெபிச்சீங்க அக்கா?”

“அவனை நொறுக்கிப் போடுங்க ஆண்டவரேன்னு.”

சிஸ்டர் துணியை உதறிக் கொடியில் போட்டார்.

“அது உங்களுக்காகக் கேட்டது. அவருக்காக என்ன கேட்டீங்க?”



அவன் என்று அவள் சொன்னது ராயப்பனை.

அவர்கள் ஊரில் ஒரே கோயில், ஒரே பூசை, ஒரே நற்கருணை. செத்த பிறகுதான் இரண்டு பக்கம். கல்லறைத் தோட்டத்தின் நடுவே ஒரு சுவர். மேட்டுப் பக்கம் ஊர்த் தெருவுக்கு. வாய்க்காலை ஒட்டிய பள்ளம் அடைக்கலமேரியின் தெருவுக்கு. மேட்டுப் பக்கத்துக்கு இரும்புக் கேட்டு உண்டு. அதன் சாவி, கேட்டுக்கு எதிர்வீட்டில் இருக்கும் ஊர்த் தெரு ராயப்பனிடம்.

போன ஐப்பசியில் அடைக்கலமேரியின் கணவர் சூசைராசு இறந்துபோனார். விடாத மழை. பள்ளத்தில் எங்கே தோண்டினாலும் தண்ணீர் ஊறியது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேட்டு வாசலுக்குப் போனார்கள். ராயப்பன் குறுக்கே நின்றார்.

“உங்க பக்கம் போங்க.”

அடைக்கலமேரி அவர் காலைப் பிடித்தாள். அவர் காலை உதறினார்.

பங்குச் சாமியார், “இன்னைக்குப் பொறுத்துக்கம்மா” என்றார்.

பள்ளத்துக்கே போனார்கள். குடத்தால் தண்ணீரை இறைத்து இறைத்துப் பார்த்தார்கள். குழிக்குள் இறக்கிய பெட்டி மிதந்தது. கல்லை ஏற்றி அமுக்கித்தான் மண்ணைத் தள்ள முடிந்தது.

“பெட்டி மேல கல்லு விழுற சத்தம் இன்னும் கேக்குது சிஸ்டர். அவனுக்காக நான் என்னத்தக் கேக்குறது? நெலம் இருக்கு. மாடி வீடு இருக்கு. சாவியும் அவன்கிட்ட இருக்கு. என்ன குறை அவனுக்கு?”

“தெரியாதா?”

“தெரியாது.”

“தெரியாம எப்படிக் கேப்பீங்க?”

“எங்க போயித் தெரிஞ்சுக்கிறது?”

“சாவி இருக்கிற எடத்துல.”

அடைக்கலமேரிக்குக் கோபம் வந்தது. சொல்லிக்கொள்ளாமல் திரும்பி நடந்தாள்.

ஆனாலும் மறுநாள் காலை அவள் போனது மேட்டு வாசலுக்குத்தான். பூட்டிய கேட்டின் முன்னால் முழங்காலிட்டாள். ஜெபமாலையை எடுத்தாள். ஊர் கேட்க, உரத்த குரலில் சொன்னாள்:

“ஆண்டவரே, ராயப்பன் மாறணும். அவர் கையால இந்தக் கேட்டத் தொறக்கணும். நீங்கதான் அவரை மாத்தணும்.”

“அவர்” என்ற சொல் தொண்டையில் முள்ளாக நின்றுதான் வெளியே வந்தது.

ராயப்பன் வீட்டு ஜன்னல் படாரென்று சாத்திக்கொண்டது.

அன்றிலிருந்து தினமும் போனாள். ராயப்பன் திட்டினார். அவர் தம்பி ஒருநாள் சாணித் தண்ணீரைக் கொண்டுவந்து அவள் முன்னால் கொட்டினான். அவள் கொஞ்சம் தள்ளி முழங்காலிட்டாள்.

மகன் எட்வினுக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

“மானம் போகுதும்மா. அவன் வாசல்ல போயி முட்டி போடுறியே?”

“அவன் வாசல் இல்லடா. கல்லறை வாசல். அது எனக்கும் வாசல்தான்.”

“நான் கலெக்டர்கிட்ட மனுக் கொடுக்கப் போறேன்.”

அடைக்கலமேரி குழம்பிப் போனாள். சிஸ்டரிடம் ஓடினாள்.

“மனுக் கொடுத்தா மன்னிக்கலன்னு ஆயிடுமா சிஸ்டர்?”

“மன்னிச்சவங்க பூட்டப் பாத்துக்கிட்டுச் சும்மா இருக்கணும்னு யாரு சொன்னா? கொடுக்கச் சொல்லுங்க. நானும் கையெழுத்துப் போடுறேன்.”

எட்வின் மனுக் கொடுத்தான். அடைக்கலமேரி ஜெபத்தையும் நிறுத்தவில்லை.

தவக்காலம் தொடங்கியது. ஒருநாள் வெயில் ஏறிய நேரத்தில் சிஸ்டரின் வீட்டு முன்னால் மோட்டார் சைக்கிள் ஒன்று வந்து நின்றது.

ராயப்பன்.

“சிஸ்டர், அந்தப் பொம்பளைய நிறுத்தச் சொல்லுங்க.”

“எத நிறுத்தணும்?”

“ஜெபத்த.”

“என்ன கஷ்டம் அதுல உங்களுக்கு?”

“பேரச் சொல்லிச் சொல்லி ஜெபிக்கிறா. சாபம் விட்டாலும் பரவால்ல. பதிலுக்கு நானும் நாலு வார்த்த பேசிட்டுப் போயிடுவேன். இதுக்கு என்ன பதில் சொல்றது? சோறு எறங்க மாட்டேங்குது சிஸ்டர்.”

“அத அவங்ககிட்டயே சொல்லுங்க,” என்று சிஸ்டர் உள்பக்கம் கையைக் காட்டினார்.

சிஸ்டருக்குச் சமையலில் கைகொடுக்க வந்திருந்த அடைக்கலமேரி அடுக்களை வாசலில் நின்றிருந்தாள். முருங்கைக்கீரை உருவிய கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

ராயப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“கேட்டத் தொறங்க. நிறுத்திடுறேன்,” என்றாள் அவள்.

“முடியாது.”

“ஏன் முடியாது?”

“தொறந்தா என் சனம் என்னச் சும்மா விடுமா? ஊரவிட்டு ஒதுக்கிருவாங்க. கூடப் பொறந்தவனே வீட்டுப் படி ஏற மாட்டான். நாளைக்கு எனக்கு ஒண்ணுன்னா தூக்க நாலு பேரு வர மாட்டாங்க. ஒனக்கு என்ன தெரியும்?”

சொன்ன பிறகுதான், வாய்விட்டுச் சொல்லிவிட்டோம் என்பது அவருக்கே உறைத்தது. வண்டியை நோக்கி நடந்தார்.

அடைக்கலமேரி அங்கேயே, வாசல் மண்ணிலேயே முழங்காலிட்டாள்.

“ஆண்டவரே, இவருக்குப் பயமா இருக்கு. அந்தப் பயத்த எடுத்துருங்க.”

“வாய மூடு!” என்று கத்தினார் ராயப்பன்.  வண்டி உடனே கிளம்பவில்லை. உதைத்து உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனார்.

அடைக்கலமேரி எழுந்து மறுபடி கீரை உருவ உட்கார்ந்தாள். சிஸ்டரும் எதிரே உட்கார்ந்து ஒரு கொத்தை எடுத்துக்கொண்டார். 

மறுநாள் கேட்டின் முன்னால் அவள் குரல் தாழ்ந்திருந்தது.

கோடை மழை அந்த வருடம் முன்னாலேயே பிடித்துக்கொண்டது. அடைக்கலமேரியின் பக்கத்து வீட்டு மரியதாசு மூச்சுத்திணறலில் போய்ச் சேர்ந்தார். பள்ளம் முழுக்கத் தண்ணீர். தெருவே திரண்டு பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேட்டு வாசலுக்கு வந்தது. சிஸ்டர் பிலோமியும் நனைந்தபடி கூட வந்தார். அடைக்கலமேரி எல்லோருக்கும் முன்னால் நடந்தாள்.

ஊர்த் தெருக்காரர்கள் கேட்டை மறித்து நின்றார்கள். நடுவில் ராயப்பன்.

“மனு விசாரணையில இருக்கு. எங்கள நீங்க தடுக்கக் கூடாது,” என்றான் எட்வின்.

“விசாரணை முடியட்டும். அப்புறம் வா,” என்றான் ராயப்பனின் தம்பி.

இரண்டு பக்கமும் கைகள் ஓங்கின. அடைக்கலமேரி நடுவில் போய் நின்றாள். இந்தத் தடவை அவள் யார் காலையும் பிடிக்கவில்லை.

“நான் இங்கதான் நிப்பேன். பெட்டியும் இங்கதான் இருக்கும். இந்தப் பெட்டிய மெதக்க விட மாட்டேன். நீங்க எப்பத் தொறக்கிறீங்களோ, அப்பப் போறோம்.”

அவள் ராயப்பனைத்தான் பார்த்தாள். ராயப்பன் பெட்டியைப் பார்த்தார். அதன் மேல் மழை அடித்துக்கொண்டிருந்தது.

அவர் இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார்.

“அண்ணே, வேணாம்,” என்றான் தம்பி.

ராயப்பன் திரும்பிப் பூட்டைத் திறந்தார். தம்பி அவரைப் பிடித்துத் தள்ளினான். சேற்றில் விழுந்தார். விழுந்த வாக்கிலேயே கேட்டைக் காலால் அகலத் தள்ளினார்.

மரியதாசு மேட்டில் அடக்கமானார். அந்தப் பக்கத்துக் குழியில் தண்ணீர் ஊறவில்லை.

அடுத்த நாள் மத்தியானம் அடைக்கலமேரி சிஸ்டரின் வீட்டுக்கு வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

“அவர் வந்திருக்காரு சிஸ்டர்.”

“யாரு?”

“ராயப்பன். எங்க தெருவுக்கு. எங்க வீட்டு வாசலுக்கு. அவரு சனம் யாரும் அவரோட பேசுறதில்ல. தம்பிக்காரன் வீட்டுக்குப் போற பொது வாசல அடைச்சுப்புட்டான். நேரா எங்கிட்ட வந்து, மன்னிச்சிரும்மான்னு கையக் கூப்புனாரு.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“ஒண்ணும் சொல்லல. உக்காருங்கன்னுகூடச் சொல்லல. இந்நேரம் வரைக்கும் உள்ளயே கெடந்துட்டு, பொறவாசல் வழியா எறங்கி இங்க ஓடியாந்துட்டேன்.”



அடைக்கலமேரி சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். கண்ணீர் பொங்கிக்கொண்டு வந்தது.

“அவர் மாறணும், மாறணும்னு கேட்டேன். மாறிட்டா நான் என்ன செய்யணும்னு ஒருநாளும் நெனச்சுப் பாக்கல சிஸ்டர். அவர் கும்பிட்ட கையப் பாக்குறேன். எனக்கு அந்தக் கல்லு விழுற சத்தந்தான் கேக்குது. இத்தன மாசம் ஆண்டவர்கிட்டச் சொன்ன வார்த்த, அவர் மூஞ்சியப் பாத்து வர மாட்டேங்குது. நான் ஜெபிச்சதெல்லாம் பொய்யா?”

“அவர் இப்ப எங்க?”

“வாசல்லதான் இருப்பாரு. போக அவருக்கு எடம் ஏது?”

“எப்ப வந்தாரு?”

“வெடிஞ்சதும்.”

சிஸ்டர் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

“சாப்பிட்டாரா?”

அடைக்கலமேரி அழுகையை நிறுத்தினாள்.

 பிறகு முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

“கொழம்பு இருக்கு,” என்றாள். “சோறுதான் வடிக்கணும்.”