இடுக்குப் பாறையும் இரட்டைக் குட்டிகளும்

சொக்கி என்ற புள்ளிமானின் வயிறு பாறையில் உரசிவிட்டது. உடனே மான் மந்தையே கூடிவிட்டது.

குளத்தங்கரைப் புல்வெளிக்குப் போகும் வழியில் இரண்டு பாறைகள் நெருக்கமாக நிற்கும். சினையாக இருக்கும் மான்கள் தினமும் காலையில் அந்த இடுக்கு வழியாகத்தான் புல்வெளிக்குள் போக வேண்டும். வயிறு இரண்டு பக்கமும் உரசினால் அன்றைக்குப் புல் கிடையாது. வெளியே நின்று சருகை மெல்ல வேண்டியதுதான். சிறுத்தை வந்தால் பெருத்துப்போன மானால் ஓட முடியாதாம். அந்த மந்தையில் அதுதான் வழக்கம்.

"ஏண்டி, குட்டி போட இன்னும் ரெண்டு மாசம் இருக்கு. அதுக்குள்ள இப்படி ஊதிட்டே?" என்றது மந்தைத் தலைவி வேலம்மா.

"எல்லாரும் தின்னுறதைத்தான் மதினி நானும் தின்னுறேன். உள்ள ரெண்டு இருக்கு."

"ரெண்டாம்ல ரெண்டு. நம்ம மந்தையில யாருக்குடி ரெண்டு பொறந்திருக்கு? போ, போய் சருகைத் தின்னு."

சொக்கி பொய் சொல்லவில்லை. பத்து நாளாக இடது பக்கம் ஒரு உதை விழும். அது அடங்குவதற்குள் வலது பக்கம் இன்னொரு உதை விழும். சுமக்கிறவளுக்குத் தெரியாதா? ஆனால் மந்தையில் யாரும் நம்பவில்லை.

நம்பியது ஒரே ஒரு ஆள்தான். புதருக்குப் பின்னால் நின்ற நரி.

இரட்டை என்றதும் நரிக்கு வாய் ஊறியது. நன்றாக வளர்ந்த மான்குட்டி பிறந்த கொஞ்ச நேரத்தில் எழுந்து ஓடிவிடும். நோஞ்சான் குட்டியால் எழவே முடியாது. நோஞ்சான் இரண்டு என்றால் நரிக்கு இரண்டு நாள் சாப்பாடு.

நரி நைசாகப் பக்கத்தில் வந்தது.

"தங்கச்சி, மனசை விட்டுடாதே. உன் மதினி சொல்றதும் நியாயம்தான். ரெண்டு குட்டின்னா ரெண்டும் சின்னதா இருந்தாத்தான் சுலபமா வெளிய வரும். வாயைக் கட்டு. காலையில ஒரு வாய், சாயங்காலம் ஒரு வாய் போதும்."

"குட்டிங்களுக்கு அது பத்துமா அண்ணே?"

"நான் உனக்குக் கெட்டது சொல்லுவேனா?"

சொக்கி நம்பிவிட்டது. மறுநாளிலிருந்து வாயைக் கட்டியது. பசித்தால் தண்ணீர் குடித்தது. ஒரு வாரத்தில் பாறை இடுக்கில் உரசாமல் போய் வந்தது.

"இப்பத்தாண்டி லட்சணமா இருக்கே" என்று வேலம்மாவே பாராட்டியது. சொக்கிக்கு ஒரே பெருமை. புல்வெளிக்குள் விட்ட பிறகும் அது இரண்டு வாய்க்கு மேல் தின்னவில்லை.

பன்னிரண்டாம் நாள் காலையில் வலது பக்கம் உதைக்கவில்லை. சரி, தூங்குகிறது என்று நினைத்தது. மதியம் ஆயிற்று. அப்போதும் உதைக்கவில்லை. தண்ணீர் குடிக்கலாம் என்று குளத்துக்கு நடந்தது. கரையிலேயே மடங்கி விழுந்தது.

பக்கத்தில் ஒரு கரடி கறையான் புற்றைத் தோண்டிக்கொண்டிருந்தது. அதன் முதுகில் இரண்டு குட்டிகள் தொற்றிக்கொண்டிருந்தன.

"ஏ புள்ள, என்ன ஆச்சு? எலும்பை எண்ணிடலாம் போலிருக்கே. நீ சினை மானா, செத்த மானா?"

"ரெட்டைக்கா. வலது பக்கம் காலையிலேர்ந்து உதைக்கவே இல்ல." சொக்கி அழுதது.

கரடி ஆலமரத்தில் பாதி ஏறி, தளிர் நிறைந்த கிளை ஒன்றை ஒடித்துக் கீழே போட்டது.

"முதல்ல இதைத் தின்னு. அப்புறம் அழு."

சொக்கி தின்றது. படுத்தது. மறுபடி தின்றது. கரடி புற்றைக்கூட விட்டுவிட்டு அதன் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தது. ரொம்ப நேரம் கழித்து வலது பக்கம் லேசாக ஒரு தட்டு. அப்புறம் இன்னொன்று.

"உதைக்குதுக்கா! உதைக்குது!"

"உதைக்காம என்ன செய்யும்? பட்டினி போட்டா எனக்கும்தான் உதைக்கத் தோணும். எந்த அறிவாளி உன்னை வாயைக் கட்டச் சொன்னது?"

அந்த அறிவாளியே அப்போது அந்தப் பக்கம் வந்தது. வாயில் உயிரோடு ஓர் எலி.

"நரியாரே, எலி யாருக்கு?" என்றது கரடி.

நரி எலியை முன்காலில் அமுக்கிக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தியது.

"என் வீட்டுக்காரிக்கு. முழுகாம இருக்கா இல்ல? உள்ள நாலு இருக்கும்னு நினைக்கிறேன். ஒரு நாளைக்கு ஆறு வேளை கொடுக்கிறேன். எலி, நண்டு, காடை முட்டைன்னு மாத்தி மாத்தி. ஒரு வேளை தவறினாலும் எனக்கு மனசு கேக்காது. குட்டிங்களுக்குத் தெம்பு வேணாமா?"

சொக்கி தலையைத் தூக்கியது.

"அண்ணே, உங்க வீட்டுல ஆறு வேளை. எனக்கு மட்டும் ஏன் ரெண்டு வாய்?"

நரி திருதிருவென்று முழித்தது. பதில் தேடிய நேரத்தில் காலை லேசாகத் தூக்கிவிட்டது. எலி ஓடியது. எலியைப் பிடிக்கிற சாக்கில் நரியும் ஓடியது.

அதோடு முடியவில்லை. சொக்கி அடுத்த தப்பைச் செய்தது. மறுநாள் இலுப்பை மரத்தடியில் கிடந்த பூவையெல்லாம் ஒரே மூச்சில் தின்றுவிட்டு, வயிறு உப்பி, மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தது.

"என்னடி இது?" என்றது கரடி.

"மூணு பேருக்குத் தின்னேன்க்கா."

"உள்ள இருக்கிறது ரெண்டு பொடிசு. அதுங்களுக்கு எதுக்கு ஒரு மரத்துப் பூ? எனக்கு எப்பவுமே ரெட்டைதான், அதனால சொல்றேன் கேளு. ஒத்தைக் குட்டிக்காரியை விடக் கூடத்தான் வேணும். ஆனா கொஞ்சம் கொஞ்சமா அஞ்சாறு தடவை தின்னு. தளிர், நல்ல புல்லு, அத்திப்பழம். தண்ணி குடி. நிழல்ல படு. வாரா வாரம் எடை கொஞ்சம் ஏறணும். ஏறவே இல்லேன்னாலும் தப்பு. ஒரே நாள்ல ஏத்தணும்னு நினைச்சாலும் தப்பு."

நல்ல புல் என்றால் புல்வெளிக்குத்தான் போக வேண்டும். மறுநாள் சொக்கி போனது. இடுக்கு வழியாகப் போகவில்லை. பாறையைச் சுற்றிக்கொண்டு போனது. வேலம்மா குறுக்கே வந்து நின்றது.

"எந்தப் பக்கமா வரே? வழக்கம் தெரியாதா?"

"தெரியும் மதினி. அது ஒத்தைக் குட்டிக்காரிங்க நுழையற இடுக்கு. நான் நுழையணும்னா என் குட்டிங்க சாகணும்."

"வாய் நீளுதே உனக்கு."

"நீங்களே காதை வெச்சுப் பாருங்க."

வேலம்மா முனகிக்கொண்டே இடது பக்கம் காதை வைத்தது. பளார் என்று ஓர் உதை.

"சரி, ஒண்ணு இருக்கு. அதான் எல்லாருக்கும் தெரியுமே."

"இப்போ மூஞ்சியை இடது பக்கம் வெச்சுக்கிட்டு, முன்னங்காலை வலது பக்கம் வைங்க."

வேலம்மா அப்படியே வைத்தது. மூக்கில் ஓர் உதை, காலில் ஓர் உதை. ஒரே நேரத்தில் விழுந்தன. வேலம்மா பின்னால் நகர்ந்து சொக்கியின் விலா எலும்புகளைப் பார்த்தது.

"இந்தக் கோலத்தையா லட்சணம்னு சொன்னேன்" என்றது. பிறகு வழிவிட்டு, "அந்த ஓரத்துல புல்லு இளசா இருக்கு. போ, தின்னு" என்றது.

ஒன்றரை மாதம் சொக்கி வேளை தவறாமல் தின்றது. வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கனத்தது. ஒரு மதியம், வேலம்மா பக்கத்தில் காவல் நிற்க, நாவல் மர நிழலில் இரண்டு குட்டிகள் பிறந்தன.

நரி புதரில் காத்துக்கொண்டுதான் இருந்தது.

முதல் குட்டி எழுந்தது, விழுந்தது, மறுபடி எழுந்து நின்றுவிட்டது. இரண்டாவது சிறிசு. எழுந்தது, விழுந்தது. மறுபடியும் விழுந்தது. இதுதான் சமயம் என்று நரி பாய்ந்தது. அந்த நொடியில் சிறிசு நாலு காலையும் ஊன்றி எழுந்து, ஒரே துள்ளலில் தாயின் அந்தப் பக்கம் போய்விட்டது. நரி வெறும் தரையைக் கவ்வியது. நிமிர்வதற்குள் வேலம்மாவின் பின்னங்கால் அதன் தாடையில் விழுந்தது. நரி ஊளையிட்டுக்கொண்டு ஓடியது.

"நல்லா ஊட்டி வளர்த்திருக்கேடி" என்றது வேலம்மா. இரண்டு குட்டிகளும் முட்டி முட்டிப் பால் குடித்துக்கொண்டிருந்தன.

இரட்டையைச் சுமக்கும் தாய், பார்ப்பவர்களுக்காக மெலியவும் வேண்டாம், ஒரே நாளில் அள்ளித் தின்னவும் வேண்டாம். நல்ல தீனியை வேளை தவறாமல் தின்று கொஞ்சம் கொஞ்சமாக எடை ஏறுவதே அவளுக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் பலம்.